சத்து மாத்திரை

"அது முழுங்குனாத்தான காலு புடிக்கும் புள்ள" என்கிறார் என் வீட்டுக்காரர். வாழைப்பழத் தோலை நாலாக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, குப்பைக் கூடை எங்கே இருக்கிறதென்று ஆஸ்பத்திரிக் கூடம் முழுக்கக் கண்ணால் தேடிக்கொண்டே சொல்கிறார். நான் கேட்டது சாதாரணக் கேள்வி. மாத்திரை சாப்பிட்டதும் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்பாரே, அது இப்போது எப்படி இருக்கிறது, உள்ளே போனால் டாக்டரம்மா கேட்பாரே என்றுதான் கேட்டேன். "முழுங்கலீங்களா?" என்கிறேன். என் குரல் எனக்கே எட்டத்தில் கேட்கிறது. "ஆடி மாசத்துல இருந்து இல்ல. ராமாத்தாளுக்குக் குடுத்தர்றேன். நம்ம மில்லு கூட்டறதுக்குள்ள அவளுக்கு மூச்சு நெம்ப வாங்குது பாவம், ஒடம்புல ரத்தமே இல்லீங்கறா. எனக்கு எதுக்குச் சத்து? கல்லாட்டம் இருக்கறேன். இப்ப எடை பாத்தாங்களே, ரெண்டு கிலோ ஏறியிருக்குது. நீ மத்தியானச் சோத்தோட அனுப்பற டப்பிய அப்படியே அவகிட்ட நீட்டிப்போடறது. சொன்னா நீ திட்டுவீன்னுதான் சொல்லல." சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். குப்பைக் கூடையைக் கண்டுபிடித்துவிட்டார், எழுந்து போகிறார். தோலைப் போட்டுவிட்டு வேட்டியில் கையைத் துடைக்கிறார். பின்னாலிருந்து பார்த்தால் நோயாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. டப்பி தினமும் காலியாகத்தான் வந்தது. நான் தினமும் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அட்டையில் இங்கிலீஷில் என்னென்னமோ அச்சடித்திருக்கும், அவருக்குப் படிக்க வராது, ஆனால் மில்லுக்கு மாவரைக்க வருகிற யாராவது கெட்டிக்காரப் பிள்ளை படித்துச் சொல்லிவிட்டால் என்று பயந்து, அட்டையிலிருந்து பிரித்து, வெறும் மாத்திரையாக டப்பியில் போட்டு அனுப்பியது நான். என்ன சாமர்த்தியம். அந்தச் சாமர்த்தியத்தில்தான் அது ராமாத்தாள் வயிற்றுக்குள் போயிருக்கிறது. அட்டையோடு இருந்திருந்தால் அவளாவது யாரிடமாவது காட்டியிருப்பாள். காட்டியிருக்க மாட்டாள், முதலாளி கொடுத்தது என்று கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியிருப்பாள். போன மாதம் வீட்டுக்கு வந்தபோது முகம் உப்பியிருந்ததே, "என்ன ராமாத்தா, சதை போட்டுட்டியா" என்று நான் கேலி செய்தேனே. கண் இமை வீங்கும், முகம் உப்பும், சிலருக்கு ரத்தத்தில் எல்லா அணுவும் குறையும் என்று டாக்டரம்மா எனக்குச் சொன்னது ஒவ்வொன்றாக இப்போது காதுக்குள் வருகிறது. குறைய வேண்டியவருக்குக் குறைந்தால் மருந்து. ஏற்கெனவே ரத்தமில்லாதவளுக்குக் குறைந்தால் என்ன பெயர்? கடவுளே, நாங்கள் ஒருத்திக்கு மெல்ல விஷம் வைத்துக்கொண்டிருக்கிறோம். எங்களுக்கு முன்னால் இன்னும் நாலு பேர். கதவுக்கு மேலே சிவப்பு எண் மாறும்போதெல்லாம் டிங் என்று ஒரு சத்தம் வருகிறது.

அந்தக் கதவுக்குப் பின்னால்தான், ரெண்டு வருஷம் முன்பு, டாக்டரம்மா வெள்ளைத்தாளில் கோடு போட்டுக் காட்டினார். நானும் என் அண்ணன் பொங்கியண்ணனும் உட்கார்ந்திருந்தோம், இவரை இதே நாற்காலி வரிசையில் உட்கார வைத்துவிட்டு. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்யலாம் என்று பொள்ளாச்சியில் ரத்தம் பார்த்தார்கள், வெள்ளை அணு பத்தாயிரத்துக்குள் இருக்க வேண்டியது ரெண்டு லட்சத்தைத் தாண்டி நின்றது. இடது பக்க வயிறு கனமாக இருக்கிறது, வாயு என்று அவர் ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது வாயுவே இல்லை, மண்ணீரல் வீங்கி விலாவுக்குக் கீழே இறங்கியிருந்தது. இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜையை உறிஞ்சி எடுத்தார்கள். அதை அவரிடம் வாயு எடுக்கிறார்கள் என்றோம். அவரும் நம்பி, எடுத்ததில் இருந்து வயிறு லேசாகிவிட்டது என்று ஊர் முழுக்கச் சொன்னார். வெள்ளை அணுவில் வருகிற புற்று ஒன்றல்ல, பல என்றார் டாக்டரம்மா. ரெண்டு வம்சம், ஒவ்வொரு வம்சத்திலும் ஓர் அவசரக்காரன், ஒரு நிதானக்காரன், ஆக நாலு. கழுத்திலும் அக்குளிலும் கட்டியாக வருவது வேறு ஜாதி, எலும்பை உள்ளேயிருந்து அரிப்பது இன்னொன்று. அவசரக்காரன் என்றால் வாரக்கணக்கில் ஆளை முடித்துவிடுவான், உடனே ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ஊசிமருந்து ஏற்ற வேண்டும், முடி கொட்டும், வாய் வெந்துபோகும். எனக்கு அப்போதே காது அடைத்துவிட்டது. அண்ணன்தான், "எங்க மச்சானுக்கு எதுங்க?" என்று கேட்டார். நிதானக்காரன் என்றார். உடம்பின் உள்ளே ரெண்டு நூலின் நுனி அறுந்து, ஒன்றின் நுனி மற்றதில் மாறி ஒட்டிக்கொண்டதாம். ரெண்டு புடவையின் முந்தானையை வெட்டி மாற்றித் தைத்த மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். அந்தத் தப்பான தையல்தான் வெள்ளை அணுவைப் பெருக்கு பெருக்கு என்று ஏவுகிறது. அதன் வாயை அடைக்க ஒரு மாத்திரை வந்திருக்கிறது, தினம் ஒன்று, சாப்பாட்டோடு, நிறையத் தண்ணீரோடு. சர்க்கரைக்காரர்கள் மாத்திரை போடுவது மாதிரி போட்டுக்கொண்டு முப்பது வருஷம்கூட இருக்கலாம் என்றார். அந்த முப்பதை நான் முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்தேன். ஆனால் அவர் கடைசியாகச் சொன்னது ஒன்று இருந்தது, அதுதான் இப்போது நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. "நிறுத்த மட்டும் கூடாதும்மா. உடம்பு நல்லா இருக்குன்னு அவரா நிறுத்தினா, அது திரும்ப வரும். சில பேருக்கு வேகமான வகையா மாறி வரும். அப்ப இந்த மாத்திரை கேட்காது."

"என்ன புள்ள, மூஞ்சி இப்படி இருக்குது? ராமாத்தாளுக்குக் குடுத்ததுக்கா?" பக்கத்தில் வந்து உட்கார்கிறார். "இல்லீங்க" என்கிறேன். "ஒரு பொம்பளைக்கு உபகாரம் பண்றதுல உனக்கென்ன கொறஞ்சு போச்சு?" எனக்குக் கோபம் வருகிறது, வரக்கூடாத இடத்தில், வரக்கூடாத ஆள் மேல். அறிவு இருக்கிறதா, டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தூக்கி யாராவது அடுத்தவருக்குக் கொடுப்பார்களா என்று கத்த வேண்டும்போல் இருக்கிறது. ஆனால் சத்து மாத்திரையை யார்தான் கொடுக்க மாட்டார்கள்? வீட்டில் நெல்லிக்காய் நிறைய இருந்தால் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறோம். அவர் கொடுத்தது அவருக்கு நாங்கள் சொன்னதைத்தான். சத்து மாத்திரை என்ற பேரை வைத்தது என் அண்ணன், அதற்குத் தினமும் உப்பும் காரமும் போட்டது நான். ரத்தத்துல சத்துக் குறைவுங்க, வயசானா அப்படித்தான், நாலு மாசத்துக்கு ஒருக்கா வந்து பாத்துக்கோணும். இந்த ரெண்டு வருஷத்தில் இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், சம்பந்தி வீட்டில், கோயிலில், பெங்களூரிலிருக்கிற பையனிடம்கூட முதல் ஒரு மாதம் அப்படித்தான். சொல்லிச் சொல்லி எனக்கே பாதி நம்பிக்கை வந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் நான் முதலில் உள்ளே போய், "இப்ப கூட்டிட்டு வர்றனுங்க டாக்டர், அந்த வார்த்தைய மட்டும் சொல்லிப்போடாதீங்க" என்று கும்பிடுவேன். அவர் பேனாவை மூடிவிட்டு, "அவரு உடம்பு, அவருக்குத் தெரியணும்மா" என்பார். சரிங்க, அடுத்த தடவை என்பேன்.

என் மாமனாருக்குத் தொண்டையில் வந்தது. ஒரு டாக்டர் அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். மனுஷன் வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்தவர் சுவர்ப்பக்கம் திரும்பினார், அவ்வளவுதான், சோறில்லை, பேச்சில்லை, மூணாம் வாரம் எடுத்தாகிவிட்டது. நோய் கொல்லவில்லை, அந்த வார்த்தை கொன்றது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வோம். இவரும் சொல்வார். "எங்கப்பன வார்த்தையாலயே கொன்னுபோட்டாங்க" என்று குடிக்காமலே குடிகாரன்போல அழுவார். அதைக் கேட்டுக்கொண்டே இருபது வருஷம் குடும்பம் நடத்தியவள் எப்படிச் சொல்வேன்? சொன்னால் இவர் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். சொல்லாவிட்டால் மாத்திரையை விட்டுவிடுவார், விட்டேவிட்டார். எந்தப் பக்கம் காலை வைத்தாலும் கிணறு. டிங். மூன்று பேர். ஒரு சின்னப் பெண்ணை, வாயை மறைத்துத் துணி கட்டிய பெண்ணை, அவள் அம்மா உள்ளே கூட்டிப்போகிறாள். அந்தப் பெண் மூக்கை உறிஞ்சுகிறாள். அவளுக்குத் தெரியும், பத்து வயதுகூட இருக்காது, எல்லாம் தெரிந்த முகம்.

இன்னொரு பொய் சொல்லிப் பார்க்கலாமா? பொய்க்கு என்ன பஞ்சம். "அந்த மாத்திரை ஆம்பளைங்களுக்கு மட்டுந்தானுங்க. பொம்பளைங்களுக்கு ஒத்துக்காது" என்கிறேன். சொல்லிவிட்டேன், வாய் தானாகச் சொல்கிறது, பழக்கப்பட்ட மாடு தானாக வீட்டுக்குப் போகிற மாதிரி. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். "சத்துல ஆம்பளச் சத்து, பொம்பளச் சத்துன்னு இருக்குதா?" "இருக்குதுங்க. டாக்டரம்மாதான் சொன்னாங்க." "அப்ப வா, கேட்டுப்போடலாம். நாளைல இருந்து அவளுக்குப் பொம்பள மாத்திரையே வாங்கிக் குடுத்தர்லாம்." கேட்பார். கேட்டே விடுவார், இவரை எனக்குத் தெரியாதா. நாளையிலிருந்து நீங்களே முழுங்குங்கள் என்று சத்தியம் வாங்கலாம். கொடுப்பார், ரெண்டு நாள் முழுங்குவார், மூணாம் நாள் கெண்டைக்கால் பிடிக்கும், உமி மூட்டைக்குள் எறிவார். நான் எதிரில் நின்று வாயைத் திறக்கச் சொல்லி ஊட்டலாம், முப்பது வருஷம் ஊட்டலாம். முப்பது வருஷம் இருக்கிறதா? போன வாரம் எடுத்த ரத்தத்தின் முடிவு உள்ளே மேசைமேல் கிடக்கிறது. மாறித் தைத்த அந்தத் தையல் நூற்றுக்கு எத்தனை பங்கு மிச்சம் என்று பார்க்கிற சோதனை. போன தடவை பார்த்தபோது ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது, இப்படியே போனால் கடுகளவுகூட இருக்காது என்று டாக்டரம்மா முதல் தடவையாகச் சிரித்தார். நான் வீட்டுக்குப் போய்க் கேசரி கிண்டினேன். என்ன விசேஷம் என்று கேட்டார், சும்மாதான் என்றேன். தனக்காகக் கிண்டிய கேசரி என்று தெரியாமலே ரெண்டு கிண்ணம் சாப்பிட்டார். இப்போது அந்த எண் எங்கே ஏறி நிற்கிறதோ. நாலு மாதம் அவிழ்த்துவிட்ட மாடு, எந்தக் காட்டில் மேய்கிறதோ. பக்கவாட்டில் அவர் கழுத்தைப் பார்க்கிறேன், கட்டி ஏதும் இருக்கிறதா, ஈறில் ரத்தம் தெரிகிறதா, தோலில் சிவப்புப் புள்ளி இருக்கிறதா. ஒரு புள்ளி இருக்கிறது, கொசுக்கடியாகத்தான் இருக்கும், எங்கள் மில் பக்கம் கொசு அதிகம், கொசுக்கடிதான். டிங். ரெண்டு பேர். அவர் ஜோபியிலிருந்து போனை எடுத்து மணி பார்க்கிறார். ராமாத்தாள் இந்நேரம் சோற்றுப் போசியைத் திறந்திருப்பாள். இன்று டப்பி அனுப்பவில்லை, நாங்கள் இங்கே வந்துவிட்டோம். அந்த மட்டும் தப்பித்தாள், இன்று ஒரு நாள். டிங். இன்னும் ஒருவர்.

"இன்னைக்கு டப்பி இல்ல, அவ பாவம்" என்கிறார் அவரே. "ஆனா போன வாரத்து மாத்திரை நாலஞ்சு சேத்து வெச்சிருக்கறா. அவ மகளுக்கும் ஒண்ணு குடுக்கறன்னு சொன்னா. மாசமா இருக்குதில்ல அந்தப் புள்ள, சத்து வேணும்ல." என் கை தானாக அவர் தொடையைப் பிடிக்கிறது. மாசமாக இருக்கிற பெண். இந்த மாத்திரை சாப்பிடும் பெண்கள் பிள்ளை உண்டாகவே கூடாது என்று இதே கூடத்தில் ஒருத்தி அழுதுகொண்டு சொல்ல நான் கேட்டிருக்கிறேன். இனி யோசிக்க ஒன்றுமில்லை. யோசிக்க இருந்ததெல்லாம் முடிந்துவிட்டது, அண்ணன், மாமனார், சுவர், எல்லாம். "ஏனுங்க" என்கிறேன். "அது சத்து மாத்திரை இல்லீங்க." "பின்ன?" "புத்துநோய்க்குக் குடுக்கறதுங்க. உங்களுக்கு ரத்தத்துல புத்துநோயுங்க. ரெண்டு வருஷமா. நாங்கதான் மறைச்சு வெச்சோம்." அவ்வளவுதான். ரெண்டு வருஷம் தூக்கிச் சுமந்தது, சொல்லி முடிக்க ஒரு மூச்சுகூட ஆகவில்லை. அவர் என்னையே பார்க்கிறார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை, வாய் மட்டும் கொஞ்சம் திறந்திருக்கிறது, பழம் தின்ற வாய். திரும்பப் போகிறார், இதோ சுவர்ப்பக்கம் திரும்பப் போகிறார் என்று நான் அவர் கையைப் பிடிக்கப் போகிறேன்.

அவர் போனை எடுக்கிறார். ரெண்டு தரம் தப்பாக அழுத்தி மூன்றாம் தரம் சரியாகப் போகிறது. "ராமாத்தா, நாந்தான். நாஞ் சொல்றத நல்லாக் கேளு. அந்த மாத்திரைய இனி தொடாத. உம்மகளுக்குக் குடுத்தியா? குடுத்தியா இல்லியா, அத மொதல்ல சொல்லு." கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர் எழுந்து நிற்கிறார், போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டு. "குடுக்கலியா. சாமி. குடுக்காத. இருக்கறத ஒரு காயிதத்துல மடிச்சு மில்லு மேசைல வை. இல்ல, உம்மேல கோவமில்ல. நாளைக்கு உன்னையக் கூட்டிட்டுப் போயி ரத்தம் பாக்கறேன். எதுக்குன்னு நேருல சொல்றேன்... ஆமா, நேருலதான், மறைக்காம சொல்றேன்." போனை வைக்கிறார். உட்காரவில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வருகிறது, குடுக்கவில்லை, குடுக்கவில்லை. அவர் அழுகிற என்னை நின்றபடியே பார்க்கிறார். "எங்கிட்டச் சொல்லோணும்னு உனக்கு ஒரு நாளும் தோணலியா புள்ள?" கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், உங்கப்பா ஞாபகம்தான் என்றிருப்பேன். "பயமா இருந்துச்சுங்க" என்கிறேன். "உனக்குப் பயம். அதுக்கு எனக்கு எதுக்கு மாத்திரை?" என்கிறார். டிங். எங்கள் எண். நர்ஸ் கதவைத் திறந்து, "ஆறுச்சாமி" என்று கூப்பிடுகிறாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்துக்கொண்டு எழுகிறேன். "நீ இரு" என்கிறார். "நானே போயி கேட்டுக்கறேன்." கதவு சாத்திக்கொள்கிறது.

ரெண்டு வருஷத்தில் நான் இந்த நாற்காலியில் தனியாக உட்கார்ந்ததே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. இங்கிருந்து பார்த்தால் கதவு எவ்வளவு பெரியதாக இருக்கிறது. உள்ளே பேசுவது ஒன்றும் கேட்கவில்லை, மின்விசிறிச் சத்தம், யாரோ இருமுவது, அவ்வளவுதான். இப்போது டாக்டரம்மா எண்ணைச் சொல்லியிருப்பார். ஒரு பங்கா, பத்துப் பங்கா, அவசரக்காரன் வந்துவிட்டானா. வந்துவிட்டிருந்தால் ஊசிமருந்து, படுக்கை, மஜ்ஜை மாற்றுவது, அதற்குக் கூடப்பிறந்தவர்கள் வேண்டும், இவருக்கு ஒரே அக்கா, அவளுக்கு அறுபத்தைந்து. இல்லை, அதே மாத்திரையை மறுபடி பிடித்தால் போதும் என்றிருப்பார், நிறையப் பேருக்குப் போதுமாம், வேறு வீரியமான மாத்திரையும் உண்டாம், அவரே ஒரு தடவை சொன்னாரே. இவருக்கு அதெல்லாம் புரியுமா, கேட்கத் தெரியுமா, நான் இருந்தால் கேட்டிருப்பேன். நான் கேட்டு என்ன கிழித்தேன். நர்ஸ் ஒரு தரம் வெளியே வந்து போகிறாள், அவள் முகத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறேன், அவள் மூக்குத்தியைச் சரிசெய்துகொண்டு போகிறாள். நேரம் ஆகிறது. நல்ல சேதி சொல்ல இவ்வளவு நேரம் ஆகாது. கெட்ட சேதிக்கும் ஆகாது, ஒரு மூச்சுதான், எனக்குத் தெரியும். அப்படியானால் என்னதான் பேசுகிறார்கள்? இவர் எங்கே உட்கார்ந்திருப்பார், என் நாற்காலியிலா, அண்ணன் நாற்காலியிலா? எழுந்து கதவைத் தள்ளிவிடலாமா? கை போகிறது, கால் வரவில்லை.

கதவு திறக்கிறது. சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வருகிறார், வயிற்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். "என்னங்க சொன்னாங்க?" நான் எழுந்தது எனக்கே தெரியவில்லை. "எல்லாம் நல்லாத்தான் இருக்குதாம். பயப்பட ஒண்ணுமில்ல. நீ காத்தால இருந்து ஒண்ணும் திங்கல, வா, கீழ போயி இட்லி திம்போம்." சட்டென்று சொல்கிறார், சொன்ன கையோடு சாப்பாட்டுக்குப் போய்விடுகிறார். இதைத்தான் நானும் செய்வேன், கேட்ட உடனே பதில், பதில் முடிந்த உடனே சோறு, நடுவில் மூச்சுவிட இடம் கொடுத்தால் ஆள் யோசித்துவிடுவார். "நெசமாவாங்க?" "நெசமாத்தான்." "எண்ணு எவ்வளவு வந்துதுங்க?" "அதெல்லாம் எனக்கென்ன புள்ள தெரியும், நல்லா இருக்குதுன்னாங்க." என் கையிலிருந்த பையை வாங்கிக்கொள்கிறார். கேட்கலாம், கதவைத் தட்டி உள்ளே போய் டாக்டரம்மாவிடம் கேட்கலாம், எனக்குச் சொல்வார். எதைச் சொல்வாரோ என்று காதெல்லாம் சூடாகிறது. நம்பிய மாதிரி தலையை ஆட்டிவிட்டு அவர் பின்னால் நடக்கிறேன்.